ஸ்லோவேனியா: பிளெட் ஏரி மட்டும் போதுமா, ஏழு நாளும் அங்கேயே இருக்கலாமா?

வைகறை:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 66, முட்டிவலி உண்டு. பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவளுக்கு 11, சின்னவனுக்கு 7. கையில் ஏழு நாள் இருக்கிறது, சொந்தக் கார்.

ஸ்லோவேனியா என்றாலே எல்லோரும் அந்த ஏரி நடுவில் கோயில் இருக்கும் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். இரண்டு நாள் பிளெட், தலைநகர் லுப்லியானா, அப்புறம் வெனிஸ் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சின்ன நாடுதானே, இரண்டு நாள் போதும் இல்லையா? அம்மா சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வார். சாப்பாட்டுக்கு என்ன வழி என்றும் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
இரண்டு நாள் போதும் வைகறை. மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு நாங்கள் அப்படித்தான் போனோம். முதல் நாள் பிளெட், மறுநாள் போஸ்தோய்னா குகை, சாயங்காலம் லுப்லியானா. பெரியவர்களை வைத்துக்கொண்டு தினம் ஒரு ஊர் மாற்றினால் அவர்களுக்கு அலுப்புதான் மிஞ்சும்.

பிளெட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஜூன், ஜூலையில் பத்து மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். தீவுக்குப் போக 'பிளெட்னா' என்ற தட்டை அடி மரப்படகு இருக்கிறது. படகுக்காரர் நின்றபடியே இரண்டு துடுப்பும் போடுவார். ஏரியில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை, அதனால் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. தீவில் இறங்கியதும் 99 படி. அம்மாவால் ஏற முடியாவிட்டால் கீழே மரநிழலில் உட்காரலாம், எங்கள் மாமியார் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

சுண்ணாம்புக்கல்:
வைகறை, நான் நிலவியல் படித்தவன். லுப்லியானாவில் நான்கு ஆண்டு இருந்தேன். செம்பருத்தி அக்கா சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம்: பெரியவர்களைத் தினம் ஊர் மாற்றக் கூடாது. ஆனால் அதற்கு வழி இரண்டு நாளில் ஓடி வருவது இல்லை. வெனிஸை இன்னொரு முறைக்கு வைத்துக்கொண்டு, ஏழு நாளையும் ஸ்லோவேனியாவுக்கே கொடுங்கள்.

மொத்தப் பரப்பு ஏறக்குறைய 20,270 சதுர கி.மீ. தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள் 21 லட்சம் பேர். ஆனால் அந்தக் கையளவு நிலத்துக்குள் நான்கு வெவ்வேறு உலகங்கள் வந்து முட்டிக்கொள்கின்றன. வடமேற்கில் ஆல்ப்ஸ் மலை. தென்மேற்கில் மத்தியதரைக் கடலின் காற்று. நடுவிலும் தெற்கிலும் சுண்ணாம்புப் பாறை. கிழக்கே ஹங்கேரி வரை விரிந்துகிடக்கும் சமவெளி. ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வீட்டின் கூரை மாறும், சோறு மாறும், பேச்சு மாறும். சின்ன நாடு என்பதால் வேகமாக முடித்துவிடலாம் என்று வருகிறவர்கள் ஒரே ஒரு ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிளெட் அழகுதான், மறுக்கவில்லை. அரை நாள் போதும். அங்கிருந்து முப்பது கி.மீ.கூட இல்லாத தூரத்தில் போஹின் ஏரி இருக்கிறது. நாலு கி.மீ. நீளம், நாட்டின் நிரந்தர ஏரிகளில் பெரியது, திரிகிளவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கரையில் கட்டடங்கள் மிகக் குறைவு. தங்குவதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் கவலை இல்லை, கரையோரம் தட்டையான பாதை உண்டு. வோகெல் மலைக்குக் கேபிள் கார் போகிறது, ஏறி நின்றால் எதிரே திரிகிளவ் சிகரம் தெரியும், 2,864 மீட்டர். பெயருக்கு 'மூன்று தலை' என்று பொருள். அவர்களுடைய தேசியக் கொடியிலேயே அந்த மலை இருக்கிறது.

போகிற வழியில் ராதோவ்லிட்சாவில் தேனீ வளர்ப்பு அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் தேன்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் முகப்புப் பலகையிலும் ஒரு படம் வரைந்திருப்பார்கள். தேனீ தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும், வளர்க்கிறவருக்கும் எது எந்தப் பெட்டி என்று தெரியும். வேட்டைக்காரனின் சவப்பெட்டியைக் காட்டு விலங்குகள் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு படம் உண்டு. பெரும்பாலும் சாமி படங்கள், நடுநடுவே இப்படி. மே 20ஆம் தேதியை உலகத் தேனீ நாளாக ஐ.நா. 2017இல் அறிவித்ததே ஸ்லோவேனியா கேட்டுக்கொண்டதால்தான்.

இனி என் ஊர் மாதிரி நான் நினைக்கும் இடம்: க்ராஸ். நிலவியல் பாடப்புத்தகத்தில் 'கார்ஸ்ட்' என்று ஒரு சொல் வரும், சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக் குகையும் பள்ளமும் ஆக்கிய நிலத்துக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர். அந்தச் சொல் இந்த ஊரின் பெயரிலிருந்து வந்தது. இங்கே மழை பெய்யும், ஆனால் மேலே ஆறு தங்காது. தண்ணீர் எல்லாம் கீழே போய்விடும். ரேகா என்று ஓர் ஆறு, பெயருக்கே 'ஆறு' என்றுதான் அர்த்தம். அது ஷ்கோட்சியான் என்ற சிற்றூரின் அடியில் பாறைக்குள் புகுந்து காணாமல் போகிறது. முப்பது கி.மீ.க்கு அப்பால் இத்தாலியில் கடலோரம் வேறு பெயரோடு வெளியே வருகிறது.

அது புகுகிற குகைதான் ஷ்கோட்சியான் குகைகள், 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முதல் முக்கால் மணி நேரம் சாதாரணக் குகை மாதிரிதான் இருக்கும், கல்தூண்கள், சொட்டும் தண்ணீர். அப்புறம் ஓர் இரைச்சல் தொடங்கும். எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. திருப்பத்தைத் தாண்டினால் கால் தானாக நின்றுவிடும். ஒரு பள்ளத்தாக்கே பூமிக்கு அடியில் கிடக்கிறது. எதிர்ச் சுவரில் போகிற நடைபாதையின் விளக்குகள் அகல்விளக்கு வரிசை மாதிரி சின்னதாகத் தெரியும். ஆற்றுக்கு மேல் ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். நடுவில் நின்று கீழே பார்த்தால் வெள்ளை நுரை மட்டும் தெரியும். நான் முதல் தடவை போனபோது வழிகாட்டி சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார், வெள்ளம் வந்த அளவு. 1965இல் குகைக்குள் தண்ணீர் 100 மீட்டருக்கு மேல் ஏறியது என்றார். நாங்கள் நின்ற பாலம் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது.

செம்பருத்தி:
தம்பி, படிக்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் முட்டிவலிக்காரர்களை அங்கே அனுப்பாதீர்கள். நான் விசாரித்தேன், 500 படிக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். போஸ்தோய்னாவில் ஒரு சின்ன ரயில் உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும், நடப்பது ஒன்றரை கி.மீ.தான், அதுவும் பெரும்பாலும் சிமெண்டுப் பாதை. எங்கள் மாமனார் கைத்தடியோடு நடந்தார்.

சுண்ணாம்புக்கல்:
அது சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் பிரிந்து போங்கள் வைகறை. அம்மாவும் சின்னவனும் போஸ்தோய்னா, அப்பாவும் மூத்தவளும் ஷ்கோட்சியான். இரண்டுக்கும் இடையில் அரை மணி நேரக் கார் ஓட்டம்தான். போஸ்தோய்னாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ரயில் தண்டவாளம் 1872இல் போட்டது, அப்போது வழிகாட்டிகளே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். உள்ளே வருஷம் முழுக்க 10 டிகிரிதான், ஜூன் மாத வெயிலில் மெல்லிய சட்டையோடு போய்விடாதீர்கள், அம்மாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

சின்னவனுக்கு அங்கே ஓர் அதிசயம் காத்திருக்கிறது: ஓல்ம், குகைத் தண்ணீரில் வாழும் ஒரு பிராணி. ஸ்லோவேனியர்கள் 'மனித மீன்' என்று சொல்வார்கள், தோல் நம் உள்ளங்கை நிறத்தில் இருப்பதால். ஒரு சாண் நீளம், நான்கு குட்டிக் கால், காதோரம் சிவப்புப் பூங்கொத்து மாதிரி செவுள். கண் கிடையாது, இருட்டிலேயே வாழ்ந்து கண் தோலுக்குள் போய்விட்டது. சாப்பாடு இல்லாமல் ஆண்டுக் கணக்கில் இருக்கும், நூறு வயது வரைகூட வாழும் என்கிறார்கள். பழைய காலத்தில் வெள்ளத்தில் இது வெளியே அடித்துவரப்பட்டபோது டிராகன் குட்டி என்றே மக்கள் நம்பினார்கள். 2016இல் போஸ்தோய்னாவின் கண்ணாடித் தொட்டியில் ஓர் ஓல்ம் இட்ட முட்டைகள் பொரிந்தன, நாடே அதைப் பேசியது.

க்ராஸ் ஊர்களில் நடந்து பார்க்காமல் வராதீர்கள். வீடு, மதில், சில ஊர்களில் கூரைகூடக் கல். குளிர்காலத்தில் 'புர்யா' என்ற வடகிழக்குக் காற்று மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் வீசும், நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் காற்று வரும் பக்கம் ஜன்னலைச் சின்னதாக வைத்து, வீட்டை முற்றத்தைப் பார்த்து உட்காரவைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே லிபிட்சா. 1580இல் தொடங்கிய குதிரைப் பண்ணை. குட்டிகள் கறுப்பாகப் பிறந்து, ஆறிலிருந்து பத்து வயதுக்குள் மெல்ல மெல்ல வெள்ளையாகிவிடும். பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், அவர்களே வெள்ளைத் தாயையும் கறுப்புக் குட்டியையும் பார்த்துக் கேட்கட்டும்.

பனங்கூடல்:
வணக்கம். நாங்கள் சூரிச்சில் இருக்கிறம். ரெண்டு வருசத்துக்கு முன்னம் குடும்பமாகப் போய் வந்தனாங்கள். சுண்ணாம்புக்கல் தம்பி சோச்சா ஆற்றைப் பற்றி ஒண்டும் எழுதாமல் விட்டிட்டார், அதை நான் சொல்லுறன்.

க்ரான்ஸ்கா கோராவில் இருந்து வர்ஷிச் கணவாய் ஊடாகப் போகிற ரோட்டு. உச்சி 1,611 மீட்டர், 50 வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டிருக்கும். முதல் உலகப் போரில் ரஷ்யக் கைதிகளைக் கொண்டு போட்ட ரோட்டு அது. 1916இல் பனிச்சரிவில் அவர்களில் நிறையப் பேர் செத்துப் போச்சினம். அவர்களுடைய நினைவுக்கு எட்டாவது வளைவடியில் மரத்தால் கட்டின சின்னக் கோயில் ஒண்டு இருக்கு. கட்டாயம் இறங்கிப் பாருங்கோ.

நாங்கள் ஏப்ரல் கடைசியில் போய் நல்லா மாட்டுப்பட்டம். அடிவாரத்தில் பூ பூத்திருந்தது, மேலே பனி, ரோட்டு பூட்டு. தங்குமிடக்காரரிடம் முதல் நாள் கேட்டதுக்கு 'திறந்திருக்கு' என்று சொன்னவர். பிள்ளைகள் பின்சீட்டில் அழுகை. கடைசியில் இத்தாலிப் பக்கத்தால் சுற்றி, ப்ரெதெல் கணவாய் வழியாக இறங்கினம். ஜூனில் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இராது, ஆனாலும் காலமை ஒருக்கால் ரோட்டு நிலவரத்தை நீங்களே பாருங்கோ.

சோச்சா ஆற்றின் நிறத்தை எப்படிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. படத்தில் பார்க்கேக்க நிறத்தைக் கூட்டிப் போட்டிருக்கினம் என்றுதான் நினைச்சன். நேரே பார்த்தால் படம்தான் குறைவு. காலை வைச்சால் விறைச்சுப் போகும்.

கோபரித் என்ற ஊரில் போர் அருங்காட்சியகம் இருக்கு. 1915 தொடங்கி 1917 வரை இந்த ஆற்றங்கரையில் இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் பன்னிரண்டு தரம் சண்டை பிடிச்சவை. பன்னிரண்டாவது, 1917 அக்டோபர் 24இல் கோபரித் பக்கம் தொடங்கினது. ஊருக்கு மேலே மேட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தாலிய வீரரின் எச்சங்களை வைச்சு நினைவிடம் கட்டியிருக்கினம். அருங்காட்சியகத்தில் எந்தப் பக்கம் வென்றது என்று பெருமை பேசுறதில்லை. ஆரார் செத்தவை, என்ன சாப்பிட்டவை, வீட்டுக்கு என்ன கடிதம் எழுதினவை என்று இருக்கு. போர் பார்த்த சனம் நாங்கள். என்ரை மனுசி ஒரு கடிதத்துக்கு முன்னால் கனநேரம் நிண்டவா. நான் ஒண்டும் கேட்கேல்லை. வெளியில் வந்து ஆற்றங்கரையில் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டம். சின்னப் பிள்ளையளோடு போறதெண்டால் சில படங்கள் கடுமை, முதல் நீங்கள் போய்ப் பார்த்திட்டு அவையைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

தண்டவாளம்:
பனங்கூடல் அண்ணன் பனியில் மாட்டிய இடத்துக்கு ஒரு ரயில் வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சா நிலையத்தில் காரை ரயிலில் ஏற்றிவிடலாம், நாமும் கூடவே போகலாம். 6.3 கி.மீ. சுரங்கம் வழியாக மலைக்கு அடியில் புகுந்து, சோச்சா பக்கம் இறக்கிவிடும். மலையைச் சுற்ற வேண்டியதில்லை. நேரமும், பாதை வேலை நடக்கிறதா என்பதும் மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதை 1906இல் ஆஸ்திரியப் பேரரசு ட்ரியெஸ்த் துறைமுகத்துக்குப் போக இரண்டாவது வழியாகப் போட்டது. கார் இல்லாமல் யெசெனிட்சேயில் ஏறி நோவா கோரிட்சா வரை போனால் இரண்டு மணி நேரத்துக்குள் பனிமலையிலிருந்து அத்திமரத்துக்கு வந்துவிடலாம். கடைசியில் சோல்கான் பாலம் வரும். 85 மீட்டர் அகலத்தில் ஒரே கல் வளைவு, ரயில் பாலங்களில் உலகத்திலேயே பெரிய கல் வளைவு அதுதான். போரில் உடைத்தார்கள், திரும்பவும் கல்லிலேயே கட்டினார்கள். பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது. அதனால் சோல்கானில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்து போய், அடுத்த ரயில் மேலே போவதைப் பாருங்கள். நான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பார்த்தேன்.

நோவா கோரிட்சா நிலையத்தின் வாசலில் ஒரு சதுக்கம். நடுவில் பதித்த வட்டத் தகடுதான் எல்லைக்கோடு, ஒரு கால் ஸ்லோவேனியாவில், மறுகால் இத்தாலியில். 2004 வரை அங்கே வேலி இருந்தது.

வைகறை:
அடேயப்பா, இவ்வளவு இருக்கிறதா! வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். வெனிஸை எடுத்துவிட்டோம். இரண்டு கேள்வி. அம்மாவின் சாப்பாடு என்ன ஆகும்? கிழக்குப் பக்கம் பற்றி யாருமே சொல்லவில்லையே, அங்கே பார்க்க ஒன்றும் இல்லையா?

செம்பருத்தி:
சாப்பாடு நான் சொல்கிறேன். 'ஷ்த்ருக்லி' கேளுங்கள். மாவை மெல்லிசாக விரித்து, உள்ளே தயிர்ப் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேகவைப்பார்கள், உப்புச் சுவையிலும் இனிப்பிலும் கிடைக்கும். 'ஷ்கான்ட்ஸி' என்று பக்வீட் மாவில் கிளறுவது ஒன்று உண்டு, அப்படியே நம் களிதான். ஆனால் மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவித் தருவது வழக்கம், முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். 'நே யெம் மேசா' என்றால் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். எங்கள் மாமியார் அதை மனப்பாடம் செய்து அவரே சொன்னார், பரிமாறுகிற பெண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம். 'யோத்தா' என்ற புளித்த முட்டைக்கோசு, பீன்ஸ் கூட்டைக் கேட்காமல் வாங்காதீர்கள், பெரும்பாலும் பன்றிக்கறி போட்டிருக்கும். பிளெட்டில் க்ரெம்ஷ்னிட்டா, அந்தச் சதுரமான கஸ்டர்டு கேக், அம்மா முட்டை சாப்பிடுவார் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். லுப்லியானா மையச் சந்தையில் பழம், தயிர், ரொட்டி வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த வேளைச் சாப்பாடு.

இன்னொன்று, லுப்லியானா நடுவூரில் கார் விடமாட்டார்கள். ஆனால் நடக்க முடியாதவர்களுக்கு 'கவாலிர்' என்ற சின்ன மின்வண்டி இலவசமாக ஓடுகிறது. கை காட்டினால் நிறுத்துவார்கள்.

சுண்ணாம்புக்கல்:
கிழக்கைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி வைகறை, யாரும் கேட்பதே இல்லை.

முரா ஆற்றுக்கு அப்பால் இருக்கிற நிலத்துக்கு ப்ரெக்முர்யே என்று பெயர், 'முராவுக்கு அக்கரை' என்றே பொருள். 1919 வரை ஹங்கேரியோடு இருந்தது. மலை கிடையாது. மக்காச்சோளம், பூசணி, வானம். தெருப் பெயர்ப்பலகைகளில் சில ஊர்களில் ஹங்கேரிய மொழியும் இருக்கும், கடற்கரைப் பக்கம் இத்தாலியன் இருக்கிற மாதிரியே. மின்கம்பங்களின் உச்சியில் செங்கால் நாரை கூடு கட்டியிருக்கும். ஜூன் மாதம் குஞ்சுகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தெருவில் நான்கைந்து கூடுகூட எண்ணலாம். நாரை தன் வீட்டுக் கம்பத்துக்கு வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு நல்லது என்று மக்கள் நினைக்கிறார்கள்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி வீடு அங்கே. முதல் தடவை போனபோது கிபனிட்சா வெட்டிக் கொடுத்தார். கசகசா, பாலாடைக்கட்டி, வால்நட், ஆப்பிள், நான்கையும் மெல்லிய மாவுக்கு நடுவே அடுக்கடுக்காகப் போட்டு, திரும்பவும் அதே நான்கு. வெட்டின பக்கத்தைப் பார்த்தால் எங்கள் துறையில் பாறை அடுக்குகளை வரைகிற படம் மாதிரியே இருந்தது. பாட்டி நான் சாப்பிடுகிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மை தவிர இருமை உண்டு, இரண்டு பேருக்கென்றே தனி வினை வடிவம். அவர் எங்கள் இருவரிடமும் இருமையில்தான் பேசினார். நான் எழுதப் படித்த இலக்கணம் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

வழியில் ப்டூய் என்ற பழைய ஊர், மேலே கோட்டை, கீழே த்ராவா ஆறு. பிப்ரவரியில் போனால் குரென்ட் ஆட்டம். ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் கனமான மணிகளைக் கட்டிக்கொண்டு குதித்துக் குளிர்காலத்தை விரட்டுவார்கள், 2017இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. மாரிபோரில் ஒரு வீட்டுச் சுவரில் 400 வயதுக்கு மேற்பட்ட திராட்சைக்கொடி இன்னும் காய்க்கிறது. இந்தப் பக்கம் எங்கே போனாலும் பூசணிவிதை எண்ணெய் கேளுங்கள், கரும்பச்சை நிறம், வறுத்த வாசனை. வனிலா ஐஸ்கிரீம்மேல் ஊற்றித் தருவார்கள், பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு கிண்ணத்தை நக்குவார்கள்.

என் கணக்கு இதுதான்: போஹினில் இரண்டு இரவு, க்ராஸ் அல்லது கடலோரம் இரண்டு, லுப்லியானாவில் ஒன்று, கிழக்கே இரண்டு. நாலு இடம்தான், பெட்டி கட்டுவதும் நாலு தடவைதான். கடலோர ஊரான பிரானுக்குப் போனால் அருகே செச்சோவ்லியே உப்பளத்தை விட்டுவிடாதீர்கள். தூத்துக்குடி என்றீர்களே, அப்பாவுக்குப் பிடிக்கலாம்.

வைகறை:
அப்பா முப்பது வருஷம் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர்! இதைச் சொன்னதிலிருந்து அவர் கேட்கிற ஒரே கேள்வி, 'அது என்றைக்குப் போகிறோம்?'

தண்டவாளம்:
சாலை வரி விஷயம் ஒரு வரியில்: ஆஸ்திரியாவுக்குத் தனி விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு), ஸ்லோவேனியாவுக்குத் தனி. ஸ்லோவேனியாவில் இப்போது ஸ்டிக்கர் இல்லை, கார் எண்ணை இணையத்தில் பதிவது மட்டும்தான், வாரக் கணக்கில் எடுக்கலாம். வழியில் வரும் டாவர்ன், கரவாங்கென் சுரங்கங்களுக்கு விக்னெட் செல்லாது, தனியாகக் கட்ட வேண்டும்.

வைகறை:
ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது. உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிளெட்டில் காலை எட்டு மணிக்குப் போனோம், பதினொன்றுக்குக் கிளம்பிவிட்டோம். போஹினில் இரண்டாம் நாள் முழுக்க மழை. அம்மாவுக்கு அதுதான் பிடித்த நாள். தங்கியிருந்த வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்து, எதிரே வயலில் வைக்கோல் உலர்த்துகிற கூரை போட்ட மரச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கொசோலெட்ஸ்' என்று அதற்குப் பெயராம். 'மழை நாட்டுக்காரன் மூளை' என்றார்.

குகைக்குச் சொன்ன மாதிரியே பிரிந்து போனோம். சின்னவனும் அம்மாவும் நானும் போஸ்தோய்னா. ஓல்ம் தொட்டியை விட்டு அவனை நகர்த்த முடியவில்லை. அது அசையவே இல்லை, இவனும் அசையவில்லை. மூத்தவள் ஷ்கோட்சியானிலிருந்து வந்து ராத்திரி வரை பேசவில்லை. தூங்கப் போகும்போது, 'அந்தச் சத்தம் இன்னும் கேட்குதுப்பா' என்றாள்.

ப்ரெக்முர்யேயில் ஏழு நாரைக்கூடு எண்ணினோம். கோபரித்துக்கு இந்தத் தடவை போக முடியவில்லை பனங்கூடல் அண்ணா, பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

உப்பளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், யாரும் சொல்லவில்லை. பாத்திகள், சின்ன மதகுகள், மர வரப்புகள். பாத்தியின் தரையில் 'பெத்தோலா' என்று மெல்லிய தோல் மாதிரி ஒன்றை வளர்க்கிறார்கள், பாசியும் ஜிப்சமும் சேர்ந்தது. உப்பு சேற்றில் படாமல் வெள்ளையாக இருக்க அதுதான் காரணம், பல நூறு ஆண்டுகளாக இதே முறை. அதைக் கிழிக்காமல் மரப் பலகையால் உப்பை இழுக்க வேண்டும். சீசனில் அன்றாடம் வாருகிறார்களாம். அப்பாவுக்கு இதை நம்பவே முடியவில்லை. 'நாம நாள்கணக்கா விளையவிட்டுல்ல வாருவோம்' என்றார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் போய் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஸ்லோவேனியன் தெரியாது. பாத்தி நீரை விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, அப்பா தலையாட்டினார். அவரும் அதையே செய்து தலையாட்டினார். நான் மொழிபெயர்க்க நடுவில் போகவில்லை.

சுண்ணாம்புக்கல்:
இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன் வைகறை. உப்பு வாங்கி வந்தீர்களா?

வைகறை:
இரண்டு கிலோ. அம்மா அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு, ஜன்னலோரம் வெயிலில் வைத்திருக்கிறார். இன்னும் பத்து நாள் யாரும் தொடக் கூடாதாம். அப்பா மட்டும் தினமும் ஜாடியை எடுத்துக் குலுக்கி வைக்கிறார்.